கண்ணாடி ஒட்டிய ஊர்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் எங்கள் சின்னவளும் சுகமாக இருக்கிறோம். உன் கடைவாய்ப் பல் இப்போது எப்படி இருக்கிறது? அவ்வளவு பெரிய பாலத்தை மலைமேல் தூக்கி நிறுத்தத் தெரிகிறது, ஒரு பல்லைப் பிடுங்க ஆள் தேடத் தெரியவில்லை. மேஸ்திரி என்று வெளியே சொல்லிக்கொள்ளாதே.

இங்கே பெரிய செய்தி. உன் அத்தானுக்கு வேலை கிடைத்துவிட்டது. எங்கள் ஊரை ஒட்டியிருக்கும் பழைய நகரத்தில் தொல்லியல்காரர்கள் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேனே, அங்கே பம்ப் ஓட்ட வேண்டும். மூன்று அடுக்கு வீடுகளைத் தோண்டி முடித்ததும் குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. அதற்கும் கீழே இன்னொரு தெரு இருக்கிறது என்று தாடிக்கார அதிகாரி சத்தியம் செய்கிறார். தண்ணீர் நின்ற மட்டத்தில் குழியின் சுவரில் வெள்ளைக் கோடு ஒன்று போட்டுவிட்டு, இறைக்கச் சொல்லிவிட்டார். உன் அத்தான் அந்தப் பம்பைத் துடைக்கிற அக்கறையில் பாதி எனக்குக் காட்டியிருந்தால் நான் இன்னும் இளமையாக இருந்திருப்பேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தின் பின்சுவர் அந்தப் பழைய மதில்மேல்தான் நிற்கிறது, நீயே பார்த்திருக்கிறாய். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு விரிசல் விட்டிருக்கிறது. என் நகம் நுழைகிற அளவு. மேலிருந்து ஜன்னல் வரை இறங்குகிறது. கொஞ்சம் சிமெண்ட் வாங்கிப் பூசிவிட்டால் போதும்தானே? முப்பத்தொரு பிள்ளைகளும் பாடத்தைவிட அந்த விரிசலைத்தான் கவனிக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

பிப்ரவரி 25

அக்காவுக்கு,

நான் திடமாக இருக்கிறேன். பல்லை எங்கள் தச்சர்தான் பிடுங்கினார், சிரிக்காதே. அத்தானுக்கு வேலை கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். சின்னவளுக்கு என் முத்தம்.

விரிசல்மேல் சிமெண்ட் பூசாதே. பூசினால் அது மறையும், நிற்காது. நான் சொல்கிறபடி செய். மெல்லிய கண்ணாடியில் ரெண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி வாங்கு. விரிசலின் இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பூச்சைச் செங்கல் தெரியும் வரை சுரண்டு. கண்ணாடியைக் குறுக்கே வைத்து, இரண்டு முனைகளையும் சிமெண்ட் கலவையால் ஒட்டு. நடுவில் ஒன்றும் படக் கூடாது. தேதியைப் பெயிண்டால் அதன் மேலேயே எழுது. சுவர் ஒரு மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். பழைய கட்டடங்களில் நாங்கள் செய்கிற முறை இது.

உடைந்தால் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காதே. பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போ. உடனே எனக்கு எழுது.

அத்தானிடம் இன்னொன்று கேள். பம்பிலிருந்து வரும் தண்ணீர் தெளிவாக வருகிறதா, மண் கலந்து வருகிறதா?

இந்தக் கேம்ப்பில் போன் கிடையாது. தபால் வண்டி வாரத்துக்கு ஒருமுறைதான் ஏறி வருகிறது. உன் கடிதம் என் கைக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அதனால் தள்ளிப் போடாமல் எழுது. பாலத்தின் கடைசித் தூணுக்குக் கான்கிரீட் போட்டதும் லீவு கேட்டு வருகிறேன்.

தம்பி

*

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். தச்சர் பல் பிடுங்கினார் என்று படித்ததும் சின்னவள் ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டே திரிந்தாள். உன் தாடை வீக்கம் வற்றியதா?

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். படங்களுக்கு ஃபிரேம் போடுகிறவர் ஒருவர் சைக்கிளில் வருவார். கழிவுக் கண்ணாடியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். மார்ச் பத்து என்று சிவப்புப் பெயிண்டால் என் கையாலேயே எழுதினேன். இன்று காலைவரை முழுசாக இருக்கிறது. நிம்மதியாகத் தூங்கு.

அதைப் பார்க்க ஊரே வந்தது. மாவு மில்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தார். "டீச்சர், நம்ம வீட்லயும் ஒரு கோடு விட்டிருக்கு. ஒண்ணு ஒட்டிக் குடுங்க"ன்னு கேட்டார். பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் நின்று பேசியது அன்றைக்குத்தான். இந்த ஊருக்கு நான் எப்போதும் வெளியூர் டீச்சர்தானே. போய் ஒட்டிக் கொடுத்தேன். அவர் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு மாசமா அந்தச் சுவத்துக்குக் கீழ பயந்து பயந்து படுத்தேன், இனிமே பயமில்லை"ன்னு என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு இன்னும் மூன்று வீட்டில் கூப்பிட்டார்கள். இப்போது எனக்குப் பெயரே கண்ணாடி டாக்டர்.

தண்ணீர் தெளிவாகத்தான் வருகிறதாம். "உன் தம்பிக்குப் பாலம் கட்டத் தெரியும், பம்ப் எனக்குத் தெரியும்"ன்னார் உன் அத்தான்.

கம்பளியைப் போர்த்திக்கொள். மலைக் குளிர் பொல்லாதது.

அக்கா

*

மார்ச் 28

அக்காவுக்கு,

வீக்கம் வற்றிவிட்டது. மற்றபடி குறையொன்றுமில்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மில்காரர் மனைவி பயமில்லை என்று ஏன் சொன்னார்? அந்தக் கண்ணாடி சுவரைத் தாங்கிப் பிடிக்கும் என்றா நினைத்துக்கொண்டார்? அக்கா, அது எதையும் பிடிக்காது. ஊதினால் உடைகிற சாமான். சுவர் நகர்கிறதா இல்லையா என்று சொல்ல மட்டும்தான் அதற்குத் தெரியும். இதை அவர்களிடம் நீ சொன்னாயா?

ஐந்து கட்டடங்களில் விரிசல் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். ஒரே நேரத்தில் ஐந்து விட்டால் அது சுவரின் கோளாறு அல்ல, தரையின் கோளாறு. ஒவ்வொரு விரிசலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு படம் போட்டு அனுப்பு. தோண்டுகிற குழி எங்கே இருக்கிறது என்றும் அதில் குறி.

அந்த அம்மாவிடம் நாளைக்கே போய்ச் சொல்லிவிடு.

தம்பி

*

ஏப்ரல் 23

அக்காவுக்கு,

நான் சுகம். உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. நாலு தபால் வண்டி வந்து போய்விட்டது. ஒவ்வொரு முறையும் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். கோபமா? சின்னவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

தம்பி

*

மே 5

அன்புள்ள தம்பிக்கு,

கோபம் எல்லாம் இல்லை. பரீட்சை நேரம், அதோடு சின்னவளுக்கு நாலு நாள் காய்ச்சல். இப்போது குதித்துக்கொண்டு திரிகிறாள். அத்தான் நலம், கொஞ்சம் இளைத்திருக்கிறார். நீ அங்கே வெயிலில் நிற்கும்போது தொப்பி போட்டுக்கொள்கிறாயா?

இங்கே ஊரே மாறிவிட்டது. ஃபிரேம்காரர் சைக்கிளை விட்டுவிட்டுத் தள்ளுவண்டி கொண்டுவருகிறார். முப்பத்தேழு வீட்டில் கண்ணாடி ஒட்டியாகிவிட்டது. சும்மா ஒட்டவில்லை, பெண்கள் அதன்மேல் பூவும் கிளியும் வரைந்திருக்கிறார்கள். மில்காரர் வீட்டுக் கூடத்தில் கனமான கண்ணாடியாகவே மூன்று போட்டிருக்கிறார்கள். தையல்காரர் குடும்பம் மாசி மாதமே சாமான் எல்லாம் மூட்டை கட்டி அவர் மச்சான் ஊருக்குக் கிளம்ப இருந்தது. மூட்டையைப் பிரித்துவிட்டார்கள். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் நின்று என்னை நலம் விசாரிக்கிறார்கள். வரிசையில் நின்றால் முன்னால் போகச் சொல்கிறார்கள்.

நீ கேட்ட படம் இதோடு இருக்கிறது. சின்னவள்தான் கலர் அடித்தாள்.

பள்ளிக்கூடத்துக் கண்ணாடி அப்படியே இருக்கிறது. கதவு மட்டும் இழுத்து மூடினால் மூட மாட்டேன் என்கிறது. எங்கள் ஊர்த் தச்சர் இரண்டு தடவை இழைத்துவிட்டார். மேஜையில் சாக்பீஸ் வைத்தால் நிற்காமல் உருண்டு விழுகிறது. தானாக நடக்கிற சாக்பீஸ் என்று பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

அவ்வளவுதான் விசேஷம்.

அக்கா

*

மே 18

அக்காவுக்கு,

சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதில் நிம்மதி. எனக்கு ஒன்றுமில்லை. உன்னைப் பற்றித்தான் கவலை.

படத்தை என் பெட்டிமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்தேழு கோடும் ஒரே பக்கம் சாய்கின்றன. எல்லாம் குழியைப் பார்த்துச் சாய்கின்றன. ஊர் மொத்தமும் அந்தக் குழியை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. சின்னவள் அதற்குப் பச்சை அடித்திருக்கிறாள்.

கதவு நிலையில் பிடிக்கிறது, சாக்பீஸ் உருள்கிறது என்கிறாய். இவ்வளவு நடந்தும் பள்ளிக்கூடத்துக் கண்ணாடி உடையவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். இருபது வருஷம் இந்த வேலை பார்க்கிறேன். முதல் வாரத்திலேயே உடைந்திருக்க வேண்டும். நீ எழுதிய தேதி இன்னும் அதில் இருக்கிறதா என்று கிட்டே போய்ப் பார். பம்ப் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து அரைநாள் அசையாமல் வை. அடியில் எவ்வளவு மண் படிகிறது என்று அளந்து எழுது. அத்தானிடம் கேட்காதே, நீயே பிடி.

ஊராரிடம் சொன்னாயா என்று மார்ச்சிலேயே கேட்டிருந்தேன். நீ அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டாய். சின்ன வயதிலிருந்தே உன்னை எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தால்தான் நீ அடுத்த பேச்சுக்குத் தாவுவாய்.

தம்பி

*

ஜூன் 6

தம்பிக்கு,

இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. நீயும் நலமாக இருக்க வேண்டும்.

கண்ணாடியைப் போய்ப் பார்த்தேன். மார்ச் பத்து என்று நான் எழுதியிருந்தேன். மே இருபத்தொன்பது என்று இருக்கிறது. எழுத்து உன் அத்தானுடையது. அவர் எட்டு போடுவதும் ஒன்பது போடுவதும் எனக்குத் தெரியாதா? மூன்று மாதமாகத் தினமும் அதன் பக்கத்தில் நின்று பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு நாளும் தேதியைப் படிக்கவில்லை. படிக்க மனம் வரவில்லை என்று சொல்வதுதான் நிஜம்.

கேட்டேன். "ஆமா, மாத்தினேன். உடைஞ்சா எல்லாரும் மாத்துறாங்க, நானும் மாத்தினேன். உனக்கு எதுக்கு வீண் பயம்னு காலையில சீக்கிரம் போய் ஒட்டிட்டு வந்துடுவேன்"ன்னார். எத்தனை தடவை என்று கேட்டேன். ஆறு.

பிறகு பாட்டிலை எடுத்துக்கொண்டு நானே குழிக்குப் போனேன். அவர் தடுக்கவில்லை. தானே பிடித்துக் கொடுத்தார். மூன்று விரல் உயரத்துக்கு மண் படிந்தது தம்பி. ஏப்ரலிலிருந்தே இப்படித்தான் வருகிறதாம். தாடிக்காரரிடம் சொல்லியிருக்கிறார். "இன்னும் ரெண்டே மாசம், கீழ்த்தெரு தெரிஞ்சதும் நிறுத்திடலாம், உன்னை நிரந்தரமாக்கிடறேன்"னு அவர் சொல்லியிருக்கிறார். இவருக்கு அது போதுமாக இருந்தது.

அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நீ கேட்டது சரி. நான் யாரிடமும் சொல்லவில்லை. மில்காரர் மனைவி கையைப் பிடித்து அழுதபோதே, அம்மா இது பிடிக்காது, சொல்ல மட்டும்தான் செய்யும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வரவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. பதினோரு வருஷம் அது இல்லாமல் இருந்து பார்த்தால்தான் உனக்குப் புரியும். கிளம்பப் பார்த்த தையல்காரர் குடும்பத்தைத் திரும்ப அந்த வீட்டில் உட்கார வைத்தது நான்தான்.

என்ன செய்யட்டும் என்று எழுது.

அக்கா

*

ஜூன் 18

அக்காவுக்கு,

இதைத் தபால் சுமக்கிறவரை நிறுத்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சுகம் விசாரிக்க நேரமில்லை.

தண்ணீரோடு வருகிற மண் எங்கிருந்து வருகிறது? உங்கள் வீடுகளுக்கு அடியிலிருந்து. மூன்று மாதமாக ஊருக்குக் கீழே உள்ள மண்ணை அத்தான் பம்ப் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. இப்போது மேல்தரை வெறும் பிடிவாதத்தில் நிற்கிறது.

இரண்டு காரியம் செய்ய வேண்டும். வரிசை மாறக் கூடாது. முதலில் ஆட்கள் வெளியேற வேண்டும், ஒருவர் விடாமல். அதற்குப் பிறகுதான் பம்பை நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஏறும். உள்ளே வெற்றிடமாக இருக்கிற மண் நனையும். நனைந்தால் அது மெல்ல மெல்ல இறங்காது, ஒரே நேரத்தில் உட்காரும். அந்த நேரத்தில் மேலே யாரும் இருக்கக் கூடாது. உட்கார்ந்து முடித்த பிறகு ஊரைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். நான் வந்து கட்டித் தருகிறேன்.

ஊரார் கோபப்பட்டால் என்மேல் போடு. என் தம்பி அரைகுறை, தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டான் என்று சொல். நான் எழுதும்போதே, இது மருந்து இல்லை என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். எங்களுக்குள் யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியிருந்ததில்லை, அதனால் எழுதவில்லை.

மழையில் மலைப்பாதை சரிந்து கிடக்கிறது. தபால் மட்டும் தலைச்சுமையாக இறங்குகிறது. வழி திறந்ததும் முதல் வண்டியில் நான் வருகிறேன். காத்திருக்காதே.

தம்பி

*

ஜூலை 5

அன்புள்ள தம்பிக்கு,

அனைவரும் உயிரோடு நலமாக இருக்கிறோம். இந்த வரியை இவ்வளவு சந்தோஷமாக நான் எழுதியதே இல்லை. நீ பாதையைப் பார்த்து அவசரப்பட்டு இறங்காதே.

உன் கடிதம் முப்பதாம் தேதி வந்தது. மறுநாள் பள்ளிக்கூட வாசலில் ஊரைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டிலையும் காட்டினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "டீச்சரை அந்தத் தாடிக்காரன் கைக்குள்ள போட்டுக்கிட்டான். நம்மளைக் கிளப்பிட்டு ஊரையும் தோண்டப் பாக்குறாங்க"ன்னார் மில்காரர். தையல்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. "கண்ணாடி இருக்குற வரைக்கும் எங்க வீடு நிக்கும், போங்க"ன்னு அவர் மனைவி சொன்னார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு வழி தெரிந்தது. மறுநாள் காலை ஆண்கள் எல்லோரும் குழி வேலைக்குப் போன பிறகு, உன் அத்தானின் சுத்தியலை எடுத்துக்கொண்டு முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன். எனக்குத்தான் எந்த வீட்டிலும் வாசல் திறந்திருக்குமே, கண்ணாடி டாக்டர் அல்லவா. பூ வரைந்தது, கிளி வரைந்தது எல்லாவற்றையும் உடைத்தேன். பத்தாவது வீட்டுக்கு வரும்போது என் பின்னால் தெருவே அலறிக்கொண்டு ஓடி வந்தது. ஒருத்தி என் முடியைப் பிடித்து இழுத்தாள். மில்காரர் வீட்டுக் கனக் கண்ணாடிக்கு நாலு அடி வேண்டியிருந்தது.

உடைந்ததும் நம்பிவிட்டார்கள். கண்ணாடி இல்லாத வீடு எப்போது வேண்டுமானாலும் விழும் என்று பாயும் பாத்திரமுமாகச் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கக் காலி. எல்லோரும் பழைய நகரத்தில் இருக்கிறோம். கூரை இல்லாத அறைகளில் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். குழிக்கு அப்பால் இந்த மேட்டில் தரை பாறை என்று உன் அத்தான் சொல்கிறார். மூன்றாம் தேதி காலை அவர் வீடு வீடாகப் போய் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, பம்பை நிறுத்தினார். தாடிக்காரர் தலைமை அலுவலகத்துக்குப் போயிருக்கிறார், ஆபீசும் பூட்டிக் கிடக்கிறது. பம்ப் சாவி உன் அத்தானிடம்.

இதுவரை ஒரு வீடும் விழவில்லை. அதுதான் இப்போது எனக்குத் தொல்லை. தினமும் காலையில் எல்லோரும் எழுந்து தங்கள் வீடு நிற்பதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். மில்காரர் டவுனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார் என்று கேள்வி. எதற்கு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

வெறும் கல்மேல் உட்கார்ந்து பிள்ளைகள் இன்று வாய்ப்பாடு சொன்னார்கள். நீ வந்து பார்க்க வேண்டும்.

அக்கா

*

ஜூலை 12

மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உனக்கு எழுத வேண்டாம் என்று உன் அக்கா சொல்லிவிட்டாள். அதனால் அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

புதன்கிழமை டவுனிலிருந்து ஒரு லாரிக் கண்ணாடி வந்தது. விரல் கனம். ஃபிரேம்காரர் நாலு ஆளோடு வந்து ஒரே நாளில் எல்லா வீட்டுக்கும் ஒட்டிவிட்டார். இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள். நான் குறுக்கே நின்று சொல்லிப் பார்த்தேன். பம்ப் நின்றுவிட்டது, தண்ணீர் ஏறுகிறது, இப்போதுதான் போகவே கூடாது என்று சொன்னேன். "இத்தனை நாளா தெளிவா வருதுன்னு நீதானய்யா சொன்ன"ன்னு தையல்காரர் கேட்டார். நான் வழியை விட்டு விலகிக்கொண்டேன்.

உன் அக்காவைப் பள்ளிக்கூடத்துக்குள் விடமாட்டோம் என்றார்கள். மில்காரர் மகள் பாடம் நடத்துவாள் என்று முடிவு செய்தார்கள். வியாழக்கிழமை முழுக்க உன் அக்கா பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்றாள். முப்பது பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். எங்கள் மகள் மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். சாயங்காலம் நேராக மில்காரர் வீட்டுக்குப் போனாள். ஊரார் முன்னால் கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். நான் சொன்னது பொய், கண்ணாடிதான் சுவரைப் பிடிக்கிறது, புத்தி கெட்டு உடைத்துவிட்டேன் என்றாள். மில்காரர் மனைவி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து மறுபடியும் அவள்தான் டீச்சர்.

வீட்டுக்கு வந்ததும் ஏன் இப்படிச் சொன்னாய் என்று கத்தினேன். "உள்ள இருந்தாத்தான் நான் அதுகளை வெளிய கொண்டு வர முடியும்"ன்னா.

பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவள் மணி அடித்ததும் எல்லோரும் போட்டது போட்டபடி பழைய நகரத்துப் பாறைக்கு ஓட வேண்டும். கதவு இறுகிக்கொள்கிறது என்று அதைக் கழற்றி வெளியே சாய்த்துவிட்டாள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை அடிக்கிறாள். தாய்மார் எல்லாம் வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறார்கள். முதலில் கடைசிப் பிள்ளை வெளியே வர எழுபது எண்ண வேண்டியிருந்தது. நேற்று நாற்பதுக்கு வந்துவிட்டது. இருபது ஆனால் தேவலை என்கிறாள்.

சின்னவளையாவது என்னோடு விடு, பாறைப் பக்கம் வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். டீச்சர் மகளே வராவிட்டால் ஊருக்கு மறுபடி சந்தேகம் வரும், என்னை வெளியே தள்ளிவிடுவார்கள் என்கிறாள். அவளும் முதல் பெஞ்சில்தான் உட்காருகிறாள்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். முதலில் ஆட்கள், பிறகு பம்ப் என்று நீ எழுதினாய். அந்த வரிசையில்தான் செய்தேன். ஆட்கள் திரும்பி வருவார்கள் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குழிக்குள் இறங்கும் படிக்கட்டில் தண்ணீர் நாளுக்கு இரண்டு படி ஏறுகிறது. பழைய மட்டத்து வெள்ளைக் கோட்டுக்கு இன்னும் எட்டுப் படி இருக்கிறது. நேற்றுப் பயந்துபோய் ஒரு மணி நேரம் பம்பை ஓட்டினேன். தண்ணீரைவிட மண்தான் அதிகம் வந்தது. மில்காரர் வீட்டு வாசற்படி ஒரு கையளவு கீழே இறங்கிவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். நிறுத்திவிட்டேன். "படி இறங்குனா மேல ஒரு படி கட்டிக்கலாம்"ன்னு மில்காரர் சிரிக்கிறார்.

ஓட்டினால் மண் போகிறது. நிறுத்தினால் தண்ணீர் வருகிறது. இரண்டில் எதை நான் செய்ய வேண்டும்? உனக்குத்தான் தெரியும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நாளைக்குத் திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் உண்டு.

இப்படிக்கு,
அத்தான்